படையின் பெயரும் படைவீரன் பொறுப்பும்

செஞ்சி என்றவுடன் தமிழ் மக்கள் நினைவில் முதற்கண் எழுவது தேசிங்குராசன் கதையே. 1714ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், நவாபு சஆதத்துல்லா கானின் படையை எதிர்த்து இளைஞன் தேஜ்சிங் வீழ்ந்ததையும், மஹபத்கான் என்னும் முஸ்லிம் தோழன் அவன் பக்கம் நின்று உயிர் நீத்ததையும் அறியாதார் இப்பகுதியில் அரியர். கதைப்பாடலாக அது ஊர் ஊராய் ஒலித்தது, ஒலித்ததனால் நிலைத்தது. ஆயின், அச்சிறு போருக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன் இதே மலைகளின் அடியில் முடிவுற்ற பெருமுற்றுகை ஒன்றைப் பற்றி நம்மில் எத்தனை பேர் பேசுகிறோம்? அது ஒரு நாளிலோ ஒரு திங்களிலோ முடிந்த போர் அன்று. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நீண்டது. அதில் மாண்டவர்களுக்குப் பாட்டும் இல்லை, பட்டியலும் இல்லை. அவர்களை முன்னிறுத்தி எழும் ஓர் அறவினாவை இங்கே ஆராய விழைகின்றோம்.

வினா இதுதான்: தலைவன் அமானிதத்தை மீறினால், அவன் பின்னே சென்ற படைவீரனின் நிலை என்ன? தலைவன் செய்த துரோகம் வீரனையும் துரோகி ஆக்குமா? தலைவன் பெற்ற புகழ் வீரனுக்கும் உரியதா? இவற்றினும் கடினமான ஒன்றும் உண்டு. அப்படையின் பெயரோடு ஏதோ ஒரு வகையில் இணைத்துப் பேசப்படும் பிற்காலத்தார், அதன் பாவத்துக்கோ புகழுக்கோ எவ்வளவு உரிமையுடையோர்?

எட்டாண்டு முற்றுகை

1689ஆம் ஆண்டு மராட்டிய மன்னர் சம்பாஜி முகலாயரால் கொல்லப்பட்ட பின், அவர் தம்பி இராஜாராம் தெற்கு நோக்கித் தப்பி வந்து செஞ்சியைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். 1677இல் சிவாஜி பீஜப்பூராரிடமிருந்து பெற்று வலுப்படுத்திய கோட்டை அது. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் பிணைத்துக் கட்டிய அவ்வரண், ஒரு குன்று விழுந்தாலும் மற்றொன்றிலிருந்து போரிட இடந்தருவது. அதனைக் கைப்பற்றும் பொருட்டுப் பேரரசர் ஔரங்கசீப் அனுப்பிய தளபதி ஜுல்பிகார் கான் 1690 செப்டம்பரில் செஞ்சியை அடைந்தார். அடுத்த ஆண்டின் இறுதியில் அவர் தந்தையாகிய தலைமை அமைச்சர் அஸத் கானும், பேரரசரின் இளைய மகன் காம்பக்ஷும் துணைப்படையோடு வந்து சேர்ந்தனர்.

1692ஆம் ஆண்டின் இறுதியில் நிலைமை தலைகீழாயிற்று. சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்னும் மராட்டியத் தளபதிகள் பெருங்குதிரைப் படையோடு வந்து முகலாயரின் தானிய வழிகளை அடைத்தனர். காஞ்சிபுரத்து பவுஜ்தார் அலீ மர்தான் கான் சிறைப்பட்டார். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் சிக்கிப் பசியால் வாடினர். பேரரசர் இறந்துவிட்டார் என்னும் பொய்ச் செய்தி பாளையத்தில் பரவியது. இளவரசர் காம்பக்ஷ் இராஜாராமோடு மறைவாகத் தூது நடத்தி வந்தமை வெளியாயிற்று. அஸத் கானும் ஜுல்பிகார் கானும் பேரரசரின் மகனையே காவலில் வைத்தனர். இழுத்துச் செல்ல இயலாத பெரும் பீரங்கிகளை வெடிவைத்துத் தகர்த்தனர். எதிரியோடு உடன்பாடு பேசி, 1693 சனவரியில் வந்தவாசிக்குப் பின்வாங்கினர்.

பின்னர்ப் படை மீண்டும் செஞ்சிக்கு வந்தது, மீண்டும் விலகியது, மீண்டும் வந்தது. இடையில் தஞ்சாவூர்வரை சென்று கப்பமும் வாங்கி வந்தது. இவ்வாறு ஆண்டுகள் கழிந்து, 1698ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் இராஜாராம் வேலூர் வழியாகத் தப்பித் தம் நாட்டுக்குச் சென்று விட்டார். எவரைப் பிடிக்கப் படை வந்ததோ அவர் போய்விட்டார்; கல்லும் மதிலும் மட்டுமே கைக்கு வந்தன. கோட்டைக்குத் தளபதியின் விருதாகிய ‘நுஸ்ரத் ஜங்’ என்பதன் அடியாக ‘நுஸ்ரத்கட்’ என்று பெயரிட்டனர். நுஸ்ரத் என்னும் அரபுச் சொல்லுக்கு உதவி, வெற்றி என்பன பொருள். அந்த வெற்றி யாருடைய உதவியால் கிடைத்தது என்று கேட்டால், வரலாறு கசப்பான விடையைத் தருகிறது.

அக்காலத்தை நேரிற் கண்டவர் பிம்சேன் சக்சேனா. பாரசீக மொழியில் ‘நுஸ்கயெ தில்குஷா’ என்னும் வரலாற்றை எழுதியவர். ஜுல்பிகார் கானின் கீழ்ப் பணிபுரிந்த பந்தேலாத் தலைவர் தல்பத் ராவின் ஊழியராக முற்றுகைப் பாளையத்திலேயே வாழ்ந்தவர். தளபதி மனம் வைத்திருந்தால் வந்த தொடக்கத்திலேயே கோட்டையைப் பிடித்திருக்கலாம் என்றும், போரை நீட்டித்துப் பயன் காண்பதே தளபதிகளின் வழக்கம் என்றும் கருத்துப்பட அவர் எழுதியுள்ளார். முதுமையடைந்த பேரரசர் மறைந்தால் தெற்கே தமக்கென ஓர் ஆட்சி அமைக்கும் எண்ணத்தோடு ஜுல்பிகார் கான் மராட்டியரோடு உள்ளுறவு கொண்டிருந்தார் என்ற ஐயம், புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுத் தலைவர் பிரான்சுவா மர்த்தேன் முதலிய அயலார் எழுத்துகளிலும் காணப்படுகிறது. இராஜாராம் தப்பியதும் அவ்வுறவின் பயனே என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர்.

இப்பொழுது பாளையத்து எளிய வீரனை எண்ணிப் பாருங்கள். வடநாட்டில் எங்கோ ஓர் ஊரில் மனைவி மக்களை விட்டு வந்தவன். அகழியில் மழையிலும் வெயிலிலும் கிடந்தவன். தானியம் வராத நாளில் குதிரைக்குத் தீனி தேடிச் சென்று வெட்டுண்டவன். தான் உயிரைக் கொடுப்பது ஒரு கோட்டைக்காக என்று நம்பினான். அக்கோட்டை இன்னும் சில ஆண்டுகள் விழாதிருப்பதே தலைவனின் விருப்பம் என்பதை அவன் அறியான். அவன் இறப்புக்கு என்ன பெயரிடுவது?

வோல்கோவ் சதுப்பில் ஒரு படை

இதே வினாவை இருபதாம் நூற்றாண்டு மிகக் கூர்மையாக எழுப்பியது. சோவியத் நாட்டின் ‘இரண்டாம் அதிரடிப் படை’ என்னும் களப்படையின் வரலாறே அது.

லெனின்கிராடு நகரம் 1941 செப்டம்பர் முதல் ஜெர்மானியரால் வளைக்கப்பட்டுப் பசியால் மடிந்து கொண்டிருந்தது. அதனை மீட்கும் பொருட்டு 1942 சனவரியில் வோல்கோவ் ஆற்றைக் கடந்து மேற்கே பாய்ந்தது இப்படை. காடும் சதுப்பும் நிறைந்த நிலத்தில் எதிரியின் அணியைப் பிளந்து நெடுந்தொலைவு உட்சென்றது. ஆனால் பிளவை அகலப்படுத்த இயலவில்லை. மியஸ்னோய் போர் என்னும் சிற்றூரின் அருகே குறுகிய ஒரு வழி மட்டுமே அப்படைக்கு மூச்சுக்குழலாய் இருந்தது. மார்ச்சுத் திங்களில் ஜெர்மானியர் அதனை அறுத்தனர். சோவியத்துப் படையினர் மீண்டும் திறந்தனர். பின்னர் அது முற்றிலும் அடைபட்டது. பனி உருகிச் சதுப்பு வாய் பிளந்தது. உணவு தீர்ந்தது, குண்டுகள் தீர்ந்தன. சனவரி முதல் ஏப்ரல் வரை நடந்த தாக்குதலில் மட்டும் அந்த முனையில் இறந்தோரும் காணாமற் போனோரும் சிறைப்பட்டோரும் 95,000 பேருக்கு மேல் என்பது பிற்காலத்தில் வெளியான இராணுவக் கணக்கு.

ஏப்ரல் திங்களில் அப்படையின் தலைமை ஆந்திரெய் விளாசவ் என்னும் தளபதியிடம் வந்தது. மாஸ்கோவைக் காத்த போரில் பெயர் பெற்றவர் அவர். படையைக் காக்க அவராலும் இயலவில்லை. படை அழிந்தபின், சூலையில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். அதன்பின் எதிரியோடு சேர்ந்தார். தம் நாட்டுக்கு எதிராகவே ஒரு படை திரட்டினார். போர் முடிந்தபின் 1946 ஆகஸ்டில் மாஸ்கோவில் தூக்கிலிடப்பட்டார்.

இவ்வொருவர் செய்கை ஒரு படை முழுவதன்மேலும் நிழலாய் விழுந்தது. அவர் எதிரியோடு சேர்ந்தது படை அழிந்த பின்னரே. அவருடைய வீரர்களோ அதற்கு முன்பே சதுப்பில் போரிட்டு மாண்டு விட்டனர். ஆயினும் ‘விளாசவின் ஆட்கள்’ என்ற சொல் பிழைத்து வந்தோரையும் மாண்டோரையும் துரத்தியது. புதிதாகத் திரட்டப்பட்ட அதே இரண்டாம் அதிரடிப் படைதான் 1943 சனவரியில் மற்றொரு படையோடு சேர்ந்து லெனின்கிராடு முற்றுகையை உடைத்துத் தரைவழி திறந்தது. அப்படியும் முன்னவர் மேல் படிந்த கறை எளிதில் அகலவில்லை.

அக்கறையைச் சுமந்த ஒருவரை நம் இதழின் வாசகர்கள் அறிந்து கொள்ள வேண்டும். அவர் மூஸா ஜலீல் என்னும் தாத்தாரியக் கவிஞர். 1906இல் ஒரன்பூர்ப் பகுதியில் பிறந்து, அந்நகரத்து ஹுஸைனிய்யா மத்ரஸாவில் பயின்றவர். இரண்டாம் அதிரடிப் படையின் செய்தித்தாளில் பணியாற்றிய அவர், 1942 சூனில் காயமுற்று எதிரி கையில் வீழ்ந்தார். சோவியத்துக் கைதிகளுள் முஸ்லிம் இனத்தாரைக் கொண்டு ஜெர்மானியர் அமைத்த அணியில் சேர்ந்தவர்போல் சேர்ந்து, உள்ளிருந்தே அதனைக் குலைக்கும் மறைவியக்கத்தில் ஈடுபட்டார். கண்டுபிடிக்கப்பட்டுச் சிறையில் வாடி, 1944 ஆகஸ்டு 25ஆம் நாள் பெர்லினில் தோழர்களோடு கொல்லப்பட்டார். இவ்வளவுக்குப் பின்னும், போர் முடிந்த ஆண்டுகளில் அவர் தாய்நாடு அவரைத் துரோகி என்றே ஐயுற்றது. மோபித் சிறையில் அவர் எழுதிய கவிதைகள் அடங்கிய சிறு குறிப்பேடுகள் இரண்டு, உடனிருந்த கைதிகள் வழியாக வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்று அரபு எழுத்தில் எழுதப்பட்டது. 1953இல் அக்கவிதைகள் அச்சேறின. 1956இல் ‘சோவியத் நாட்டு வீரர்’ என்னும் உயர்விருது அவருக்கு அளிக்கப்பட்டது. தமிழை அரபு எழுத்தில் எழுதிக் காத்த முன்னோரின் வழிவந்த நமக்கு, ஒரு மனிதனின் மானத்தை மீட்டது சிறையில் எழுதிய அரபு எழுத்து ஏடு என்பது நெஞ்சைத் தொடும் செய்தியாகும்.

சுமை யாருடையது?

ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது இறைமறை பன்முறை வலியுறுத்தும் நெறி. மேல்சித்தாமூரில் ஜினகாஞ்சி மடத்தையும் பார்சுவநாதர் ஆலயத்தையும் கொண்டு வாழும் நம் அண்டை வீட்டாராகிய சமணப் பெருமக்களைக் கேட்பினும், ஒவ்வோர் உயிரும் தன் வினையைத் தானே நுகரும் என்றுதான் கூறுவர். செஞ்சிக் கோட்டையின் நிழல் தொடும் வட்டாரத்தில், கொல்லாமையை முதல் நோன்பாகக் கொண்ட ஒரு சமூகம் நூற்றாண்டுகளாய் வாழ்ந்து வருவது சிந்தனைக்குரியது. அவர்களும் இல்லறத்தார்க்கு ஒரு வேறுபாடு வகுத்துள்ளனர். கருதிச் செய்யும் கொலை வேறு, தாக்க வருவோனைத் தடுக்கையில் நேரும் கொலை வேறு என்பது அவர்கள் கொள்கை. செயலின் எடையை எண்ணமே தீர்மானிக்கிறது என்னும் இடத்தில், நிய்யத்தை அடிப்படையாகக் கொண்ட நம் சட்டநூலாரும் அவர்களும் அருகருகே நிற்கின்றனர்.

பொறுப்புக்கு அறிவும் வேண்டும், இயலுமையும் வேண்டும். அறியாதவன் மேலும் இயலாதவன் மேலும் கட்டளை இல்லை என்பது மத்ரஸாவின் தொடக்கப் பாடம். தளபதியின் உள்ளுறவைச் செஞ்சி வீரன் அறியான். விளாசவின் பிற்காலச் செய்கையை வோல்கோவ் வீரன் கனவிலும் கருதியிரான். ஆதலின் அத்துரோகங்களில் அவர்களுக்குப் பங்கில்லை. இது வரை எளிது. ஆனால் இந்நெறியை நமக்கு இன்பமான இடத்தில் மட்டும் எடுத்துக் கொண்டு, கசப்பான இடத்தில் விட்டுவிடல் நேர்மை ஆகாது.

கட்டளை என்னும் மறைப்பு

தலைவனின் பாவம் வீரன்மேல் இறங்காது என்றால், வீரனின் பாவமும் தலைவன்மேல் ஏறிக் கரைந்து போகாது. தலைவனுக்கு ஆணையிட்ட பாவம் உண்டு. வீரனுக்கு அறிந்து செய்த பாவம் உண்டு. ஒன்று மற்றொன்றைக் குறைப்பதில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பிய சிறுபடை ஒன்றின் தலைவர், சினமுற்றுத் தீ மூட்டி அதனுள் புகுமாறு தம் வீரர்களைப் பணித்தார். அவர்கள் தயங்கி நின்றனர். செய்தி கேட்ட நாயகம் அவர்கள், கீழ்ப்படிதல் நன்மையான காரியத்தில் மட்டுமே என்று விளக்கினார்கள். தன்னையே எரித்துக் கொள்ளும் ஆணைக்கே கீழ்ப்படிதல் இல்லையென்றால், பிறர் வீட்டை எரிக்கும் ஆணைக்கு எங்ஙனம் உண்டாகும்? குற்றமற்ற ஒருவனைக் கொல்லுமாறு வற்புறுத்தப்பட்டவன்கூட, தன் உயிரைக் காக்க அவன் உயிரைப் பறித்தல் ஆகாது என்று சட்டநூலார் உரைப்பர். முதற் கலீபா அபூபக்ர் (ரலி) அவர்கள் படையை வழியனுப்புகையில், முதியோரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் கொல்லாதீர், கனிமரத்தை வெட்டாதீர், துறவு பூண்டு மடங்களில் இருப்போரை விட்டுவிடுங்கள் என்று கட்டளையிட்டது வரலாறு. இருபதாம் நூற்றாண்டில் நூரம்பர்க் நீதிமன்றமும், மேலிடத்து ஆணை என்னும் காரணம் குற்றத்தினின்று விடுவிக்காது என்றே தீர்ப்பளித்தது.

ஆகவே செஞ்சி வீரனைத் தளபதியின் துரோகத்தினின்று விடுவிக்கும் அதே நீதி, பசித்தபோது அவன் யாருடைய களத்து நெல்லைப் பறித்தான் என்றும் கேட்கும். பல்லாயிரம் மனிதரும் குதிரைகளும் எட்டாண்டு உண்ட உணவு வானத்திலிருந்து இறங்கியதன்று. இக்கேள்வி முகலாய வீரனுக்கு மட்டும் உரியதன்று. தானிய வழியை அடைத்த மராட்டியக் குதிரை வீரனுக்கும் உரியது. இருவருக்கும் நடுவே நின்றவன் இந்நாட்டு உழவன். எந்த அரசனின் மானத்துக்காகவும் அவன் போர் கேட்கவில்லை.

இரவல் பெருமையும் இரவல் நாணமும்

இனி நம் காலத்துக்கு வருவோம். நம் பிள்ளைகள் சிலர், முகலாயப் படை வென்றது என்று படிக்கையில் தாமே வென்றதுபோல் மகிழ்கின்றனர். வேறு சிலர், அப்படை செய்த தீங்குக்கெல்லாம் தம்மைப் பொறுப்பாளியாக்கிப் பேசுவோர்முன் தலைகுனிகின்றனர். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். பெருமையை இரவல் வாங்கியவன், பழி வரும்போது அதனை மறுக்கும் தகுதியை இழக்கிறான். சுமை பிறருக்கு மாறாதென்றால் கூலியும் மாறாது.

மேலும், அப்படைகள் எந்த ஒரு சமயத்தாரின் படையும் அல்ல. ஜுல்பிகார் கானின் பக்கம் தல்பத் ராவ் நின்றார். அவர் ஊழியர் பிம்சேன் எழுதுகோல் பிடித்தார். தேஜ்சிங்கின் தந்தை சரூப்சிங்கும் முகலாயர் ஆட்சியில் செஞ்சிக் கோட்டைத் தலைமை பெற்ற பந்தேலாரே. நவாபு முஸ்லிம், அவருக்கெதிராக மாண்ட மஹபத்கானும் முஸ்லிம். மஹபத்கான் தன் சமயத்தைச் சார்ந்த அரசன் பக்கம் செல்லவில்லை. தான் வாக்களித்த தோழன் பக்கம் நின்றான். அவனைக் கதை மறக்காததற்கும், எட்டாண்டு முற்றுகையின் தளபதியைக் கதை பாடாததற்கும் காரணம் இதுவே என்று கருதுகின்றோம். மக்கள் மனம் வெற்றியை எடைபோடவில்லை; அமானிதத்தை எடைபோட்டது.

2025 சூலையில் ‘மராட்டியர் படைத்துறை நிலங்கள்’ என்னும் வரிசையில், மராட்டிய மாநிலத்துக் கோட்டைகள் பதினொன்றோடு செஞ்சியும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. மகிழ்ச்சிக்குரியதே. எனினும், நாயக்கர், பீஜப்பூரார், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கைமாறிய அக்கற்களை ஒருவரே முழுதும் உரிமை கொண்டாட இயலாது. கோயிலும் மசூதியும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன.

கூட்டாகச் சேரும் பாவம்

அங்ஙனமாயின், கூட்டுப் பொறுப்பு என ஒன்று இல்லவே இல்லையா? உண்டு; ஆனால் அது வேறு வாயிலால் வருகிறது. தந்தையின் குற்றம் மகனைச் சேராது. எனினும் தந்தை விட்டுச்சென்ற சொத்திலிருந்து அவர் கடனை அடைத்த பின்னரே மகன் பங்கு பெறுவான். பிறர் பொருள் அச்சொத்தில் கலந்திருந்தால் திருப்பித் தருதல் அவன் கடமை. குற்றம் மரபுரிமையாவதில்லை, ஆனால் மரபுரிமையில் பிறர் உரிமை கலந்திருக்கக் கூடும்.

இரண்டாவது, ‘பர்ளு கிபாயா’ என்னும் கடமை. இறந்தவரை நல்லடக்கம் செய்தல் இவ்வகையினது. சிலர் செய்தால் அனைவரும் விடுபடுவர். எவரும் செய்யாவிடில் அனைவரும் குற்றவாளிகள். இங்குப் பாவம் பிறரிடமிருந்து நமக்கு வருவதன்று. நாம் செய்யத் தவறியதால் நம்மிடமே பிறப்பது.

வோல்கோவ் சதுப்பில் மாண்டோரின் எலும்புகள் போர் முடிந்து பல்லாண்டுகளாக மண்ணுக்கு மேலேயே கிடந்தன. துரோகியின் படை என்ற பெயர், அவர்களுக்கு அடக்கத்தையும் மறுத்து நின்றது. நிக்கலாய் ஒர்லோவ் என்னும் உள்ளூர்க்காரர் காட்டுக்குள் சென்று, கண்ணிவெடிகளுக்கு நடுவே எலும்புகளைத் தேடி, வீரர்களின் அடையாளக் குப்பிகளிலிருந்து பெயர்களை எடுத்து, குடும்பங்களுக்கு அறிவிக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் தன்னார்வலர் கூட்டங்கள் அப்பணியை மேற்கொண்டன. ஒவ்வொரு பெயரும் கிடைத்தபோது, எங்கோ ஒரு வீட்டில் ‘காணாமற் போனவர்’ என்னும் ஐயம் நீங்கி, ‘போரில் வீழ்ந்தவர்’ என்னும் மரியாதை வந்தது. இதனினும் சிறந்த ஜனாஸாக் கடமை எது?

செஞ்சியில் மாண்ட எளியோரின் பெயர்களை நாம் இனித் தேடிக் கண்டுபிடித்தல் இயலாது. இயல்வது ஒன்றுண்டு. அவர்களைப் பற்றிப் பொய் சொல்லாதிருத்தல் இயலும். விடுமுறை நாளில் பிள்ளைகளோடு இராஜகிரியில் ஏறும் பெற்றோர், அரசர் பெயர்களை மட்டும் சொல்லி இறங்கிவிட வேண்டா. கீழே தெரியும் வயல்களைக் காட்டி, எட்டாண்டு அங்கே கிடந்தவர்களையும், அவர்களுக்கு நெல்லை இழந்தவர்களையும் சொல்லுங்கள். அவர்கள் எந்தப் பக்கத்தவர் என்று பிள்ளை கேட்டால், ஒவ்வொருவரும் இறைவன் முன் தனித்தனியே கணக்குக் கொடுப்பவர் என்று விடை கூறுங்கள். நாமும் அவ்வாறே நிற்போம். நம் கணக்கில் ஔரங்கசீப்பும் இரார், இராஜாராமும் இரார். நாம் காத்த அமானிதமும் காவாத அமானிதமும் மட்டுமே இருக்கும்.